கண்ணுக்கு வைக்காத மை

நர்ஸம்மா கண்ணுக்கு மை வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் இடுப்பில் எப்போதும் ஒரு மை டப்பா இருக்கும். சின்னத் தகர டப்பா. மூடி தேய்ந்து, மேலே இருந்த படம் போயிருந்தது. கூடவே மருந்து கிள்ளிய தீக்குச்சி நாலைந்து.

முதலில் எனக்கு உறுத்தியது அதுதான். கண்ணுக்கு வைக்காதவர் எதற்கு மையைச் சுமக்கிறார்?

அப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு வீடு. ஒரு குழாய். முதல் வீட்டில் நான், என் மனைவி கோமதி, என் தம்பி செல்வம். நான் தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்து திருச்சி மார்க்கெட்டில் இறக்குகிற லோடு வண்டி ஓட்டினேன். செல்வத்துக்குத் தில்லை நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைசி வீட்டில் நர்ஸம்மா. தனி ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிலோன் சண்டையில் நர்ஸாக இருந்தவர், சண்டை முடிந்தபின் இங்கே வந்தவர் என்று வீட்டுக்காரர் சொன்னார். பெயரை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாதம் ஒரு முறை மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து அவரிடம் கையெழுத்து வாங்கிப் போவார். வண்டி தெருமுனையில் நிற்கும்போதே குழாயடியில் பேச்சு நின்றுவிடும்.

"வெறும் நர்ஸுக்கு எதுக்குங்க போலீஸு?" என்றாள் கோமதி.

"வெளிநாட்டு ஆளுன்னா அப்படித்தான்."

"ஒண்ணும் இல்லாமயா வர்றான்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 

மூன்றாம் வீட்டுப் பெரியவர் இறந்தார். காரியம் முடிந்து அவர் துணிகளை ஆற்றில் விட எடுத்துவைத்திருந்தார்கள். நர்ஸம்மா போய் நின்றார். "அந்த வேட்டியளை எனக்குத் தாறியளோ?" என்று கேட்டார். துக்க வீட்டில் மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்துவிட்டார்கள்.

அவற்றைப் பெரிய சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தார். காயவைத்தார். நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்தார். மறுபடியும் கொதிக்கவைத்தார். கொடி முழுக்க வெள்ளைத் துணிப்பட்டைகள் ஆடின. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருட்டி ஒரு பைக்குள் அடுக்கினார். அதே பைக்குள் ஒரு சாண் நீள மூங்கில் குச்சிகளும் இருந்தன. பத்துப் பதினைந்து. ஒரே அளவு. முனை மழுக்கியது.

கோமதி என்னை ஜன்னலுக்கு இழுத்துக் காட்டினாள்.

"செத்தவரு வேட்டி. குச்சி. மை. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் பாக்கி."

"சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். அவதான் சும்மா இல்ல."

செல்வம் மட்டும் அவரிடம் சிரித்துப் பேசுவான். வேலைக்குப் போகும்முன் அவருக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுப் போவான்.

"என்னக்கா, இன்னைக்கு யாருக்கு மை?"

"உங்களுக்குத்தான். நெத்தியில கழுதையெண்டு எழுதிவிடட்டோ?"

"எழுதுங்க. கடையில மொதலாளி ஏற்கெனவே அதத்தான் சொல்றாரு."

அவர் சிரித்து நான் பார்த்தது அவனிடம் மட்டும்தான். சிரிக்கும்போதும் கண் வேறு எங்கோ போய்வரும்.

மற்றவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு பழக்கம். பேச்சுக்கு நடுவே கட்டைவிரலால் நம் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்ப்பார். கேட்கமாட்டார். பார்ப்பார், விடுவார். "ரத்தம் இல்லை. முருங்கைக்கீரை சாப்பிடுங்கோ" என்பார். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குக் கண் அரித்தது மாதிரியே இருந்தது.

ஒருமுறை ஐந்தாம் வீட்டில் குக்கர் வெடித்தது. எல்லோரும் ஓடினோம். அந்த வீட்டுக் குழந்தை கையில் கஞ்சி கொட்டி வீறிட்டு அழுதது. அதன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா வந்தார். குழந்தையைத் தாண்டிப் போனார். காலால் தள்ளாத குறை. நேராக அந்தப் பெண்ணிடம் போய்ப் பின்தலையில் கை வைத்தார்.

"குழந்தை கத்துது, கண்ணு தெரியலயா உங்களுக்கு?" என்று கத்தினாள் கோமதி.

"கத்துது. இருக்கும். இவ கத்தேல்ல."

எடுத்த கையில் ரத்தம். மூடி பறந்து தலையில் அடித்திருக்கிறது. முடிக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பட்டையை எடுத்துச் சுற்றினார். ஆட்டோ வந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அதற்காக யாரும் அவரைக் கொண்டாடவில்லை. அழுகிற குழந்தையைத் தாண்டிப் போனார் என்பதைத்தான் லைனில் ஒரு மாதம் பேசினார்கள். நானும்தான். தாய்மனசு இல்லாத பொம்பளை என்றேன்.

இன்னொரு நாள் அகதி முகாமிலிருந்து ஒருவர் அவரைத் தேடி வந்தார். ஒரு கை இல்லை. சட்டையின் இடது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருந்தார். நர்ஸம்மா வீட்டில் இல்லை. என் வாசலில் உட்காரவைத்தேன்.

"அவவை உங்களுக்குத் தெரியுமோ, யாரெண்டு?" என்று கேட்டார்.

"நர்ஸுன்னு தெரியும்."

"வெறும் நேர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியள் எல்லாம் உடைஞ்ச பிறகு தென்னந்தோட்டத்துக்குள்ள பங்கர் வெட்டி வைத்தியம் பாக்கத் தொடங்கின முதல் ஆள் அவ. மேல குண்டு விழும். கீழ அவ. பொம்பிளைப் பிள்ளையள் இருபது பேரைப் பழக்கினவ. இந்தப் பக்கத்து ஆள், அந்தப் பக்கத்து ஆளெண்டு பாக்கமாட்டா. காயப்பட்ட ஆமிக்காரனுக்கும் கட்டுப் போட்டவ."

கோமதி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சட்டைக்கையைத் தொட்டுக்காட்டினார்.

"இதை வெட்டினதும் அவதான். மயக்க மருந்து முடிஞ்சுது. ரெண்டு பேர் என்னைப் பிடிச்சவை. அவ வெட்டினவ."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் காதில் அப்படி விழவில்லை. அவர் போனபின் கோமதி அந்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள்.

"கேட்டீங்களா? கைய வெட்டிருக்கா. மயக்க மருந்து இல்லாம."

கேட்டேன். அன்று முதல் செல்வத்தை அவருக்குத் தண்ணீர் தூக்கவேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

சித்திரையில் சமயபுரத்துக்கு லைனே நடந்து போகும். மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி. பெண்கள் தலையில் பால்குடம். அந்த வருடம் நர்ஸம்மாவும் வந்தார். மஞ்சள் உடுத்தவில்லை. பால்குடம் இல்லை. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியில் வந்தார்.

"சாமி கும்பிட வர்ற மாதிரியா இருக்கு?" என்றாள் கோமதி.

விடிந்ததும் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, வெயில் ஏற ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். கூட்டத்தில் ஏறி ஒரு மரத்தில் முட்டி நின்றது.

ரோட்டில் பால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அது வெள்ளையாக இல்லை.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். கோமதி கீழே கிடந்தாள். கை முறிந்து தொங்கியது. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நர்ஸம்மா எங்களை நோக்கி வந்தார். கையை நீட்டினேன்.

"அக்கா! இங்க! என் சம்சாரம்!"

ஒரு பார்வை பார்த்தார். "கத்துறா. இருப்பா" என்றார். தாண்டிப் போனார்.

லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். மை டப்பாவைத் திறந்தார். தீக்குச்சியால் அவர் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். எழுந்து அடுத்த ஆளிடம் போனார். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரத்தில் இறந்துபோனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோமதியும் பார்த்தாள்.

பிறகுதான் செல்வத்தைக் கண்டேன். சாக்கடை ஓரம் கிடந்தான். சத்தமே இல்லை. கண் திறந்திருந்தது. இடது முட்டிக்குக் கீழே கால் காலாக இல்லை.

நான் போவதற்குள் நர்ஸம்மா அங்கே இருந்தார். பட்டையை எடுத்துத் தொடையில் சுற்றினார். மூங்கில் குச்சியைச் சொருகி முறுக்கினார். முறுக்க முறுக்க ரத்தம் நின்றது. அதுவரை பேசாமல் கிடந்தவன் அப்போதுதான் "அம்மா" என்று அலறினான்.

"நல்லது. கத்துங்கோ தம்பி. நல்லாக் கத்துங்கோ" என்றார்.

மை டப்பாவைத் திறந்தார். அவன் நெற்றியில் தீக்குச்சியால் எழுதினார். ஒரு எழுத்து. பக்கத்தில் எண்கள். எந்திரத் தகட்டில் எழுதுவார்களே, அதுபோல் இருந்தது. 

"என்னக்கா எழுதுறீங்க?"

"நெத்தியில கை வைக்காதைங்கோ" என்றார். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பயம் கூடியது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிடைத்த வண்டியில் எல்லாம் ஏற்றினார்கள். செல்வத்தையும் கோமதியையும் ஒரு வாழைத்தார் வண்டியில் ஏற்றிப் பின்னால் உட்கார்ந்தேன். செல்வம் மறுபடி அமைதியாகிவிட்டான். கோமதி வலியில் முனகிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க. அந்தப் பெரியவரு நெத்தியிலயும் இழுத்தா. அவரு போயிட்டாரு."

"பேசாம வா."

"அழிங்க. நம்ம புள்ளைய விட்டுருவீங்களா? ஆத்தா காப்பாத்துவா. அத அழிங்க மொதல்ல!"

தண்ணீர் பாட்டில் இருந்தது. துண்டை நனைத்தேன். மை சீக்கிரம் போகவில்லை. எண்ணெயில் குழைத்தது போலிருக்கிறது. அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்தது. முழுவதும் போனபின் கோமதியின் முந்தியில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்துப் பட்டையாகப் பூசினேன். எல்லாப் பக்தர்களையும் போல ஆகிவிட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டம். தூக்கிவந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். கோமதி கத்தினாள், உடனே உள்ளே கொண்டுபோனார்கள். செல்வத்துக்கு ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, போர்வை போர்த்திச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். ரத்தம் ஓடவில்லை. சத்தமும் இல்லை. நான் கோமதியிடமும் அவனிடமும் மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். ஒரு டாக்டர் போர்வையை விலக்கினார். குச்சியைப் பார்த்தார். முகம் மாறியது.

"இத எப்ப கட்டுனது?"

"காலையில. எட்டு, எட்டரை இருக்கும் சார்."

"யாரு கட்டுனாங்க?"

"எங்க லைன்ல ஒரு நர்ஸம்மா."

"கட்டத் தெரிஞ்சவங்களுக்கு எழுதத் தெரியாதா? இப்படி இறுக்கினா கட்டுக்கு ஒரு எழுத்தும் கட்டுன மணியும் நெத்தியில எழுதி அனுப்புவாங்கய்யா. எழுதியிருந்தா வந்த உடனே இவனத்தான் தூக்கியிருப்போம்."

நான் குங்குமத்தைப் பார்த்தேன். பெரியவருக்கு இழுத்தது பிழைக்கமாட்டார் என்ற கோடு; செல்வத்துக்கு எழுதியது மணி.

மறுநாள் அவன் காலை எடுத்தார்கள். தொடையில். கால் முழுசாகத் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது, நசுங்கிவிட்டது, ஆனால் நேரத்தோடு பார்த்திருந்தால் முட்டியாவது மிஞ்சியிருக்கும் என்றார் அந்த டாக்டர். அந்தக் கட்டு இல்லையென்றால் ஆளே வந்து சேர்ந்திருக்கமாட்டான் என்றும் சொன்னார். லைனுக்கு நான் கொண்டுவந்தது முதல் பாதியை மட்டும்.

மீதியை லைன் பார்த்துக்கொண்டது. சிலோன்காரி கட்டித்தான் கால் போனது. கை வெட்டினவள் கால் வாங்கிவிட்டாள். போலீஸ்காரர் வந்து விசாரித்தார். "நீங்கதான் கட்டுனீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் அந்த வாரமே காலி செய்யச் சொன்னார். என்னையும் ஒரு வார்த்தை கேட்டார். "உங்க இஷ்டம்ங்க" என்றேன்.

கிளம்புகிற அன்று காலை என் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கோணும். நெத்தியில எழுதினது ஆஸ்பத்திரிக்குப் போகேக்க இருந்ததோ?"

உள்ளேயிருந்து கோமதி என்னைப் பார்த்தாள்.

"இருந்துச்சு."

"வடிவாத் தெரிஞ்சதோ?"

"இருந்துச்சுன்னு சொல்றேன்ல."

கட்டைவிரலால் என் இமையை இழுத்தார். பார்த்தார். விட்டார்.

"அப்ப நான்தான் வடிவா எழுதேல்லைப் போல" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று யாரும் குழாயடிக்கு வரவில்லை.

செல்வம் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "அக்கா எங்க?"

"காலி பண்ணிட்டாங்க."

"ஏன்?"

"ரொம்ப இறுக்கிக் கட்டுனதுலதான் கால் போச்சு."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தால் "மைக்காரியப் பத்திப் பேசாதீங்க" என்பான். லைனில் அவரை நம்பியவன் அவன் ஒருவன்தான். அவனையும் நான் மாற்றிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஆடிப் பதினெட்டு. அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லை. படித்துறைக்குப் போகும் வழியில், மரத்தடியில் நர்ஸம்மாவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். எதிரே பிள்ளைகள். கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டிருந்தார். அதே டப்பா. அதே தீக்குச்சி. தாய்மார்கள் அவர்களாகவே கொண்டுவந்து விட்டார்கள்.

கவனித்துப் பார்த்தேன். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினார். ஒன்று முன்கையில். இன்னொன்று முதுகில், சட்டைக்கு உள்ளே.

"ரெண்டு எதுக்குங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒண்டை ஆரும் துடைச்சாலும் மற்றது இருக்கும்."

நான் திரும்பிப் போயிருக்கவேண்டும். அங்கேயே நின்றேன். மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. ஒன்று தரையில் புரண்டது. நர்ஸம்மா நிமிர்ந்தார். அந்த மூன்றையும் தாண்டி என்னிடம் வந்தார்.

"எங்க நோகுது தம்பி?"

"நான்தான்க்கா அழிச்சேன்."

"ஓம். தெரியும்."

"எப்படித் தெரியும்?"

 மை டப்பாவை என் கையில் வைத்தார். "இதைப் பிடியுங்கோ. பிள்ளையைப் பிடிக்க எனக்கு ஒரு கை வேணும்" என்றார். கூட்டம் குறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் தீக்குச்சியைத் தொட்டு எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் டப்பாவை வாங்கி இடுப்பில் செருகினார்.

"தம்பியிட்டச் சொல்லிட்டியளோ?"

"இல்ல."

"சொல்லுங்கோ."

அவ்வளவுதான்.

எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, குங்குமம் பூசிய நெற்றியைப் பார்த்திருப்பாரோ? தெரிந்துகொண்டேதான் என் வாசலில் நின்று கேட்டாரோ? அப்படியென்றால் போலீஸிடம் ஏன் சொல்லவில்லை? நினைத்துப் பார்த்தால் அவர்மேல் வைத்த சந்தேகம் எல்லாம் போய்விட்டது. இது ஒன்று போகவில்லை.

போன புரட்டாசியில் இறந்துபோனார். முகாமிலிருந்து அந்த ஒற்றைக் கைக்காரர் வந்து சொன்னார். டப்பாவை நீட்டினார்.

"உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ."

"என்கிட்டயா? எதுக்கு?"

"அது சொல்லேல்ல."

அலமாரியில் வைத்தேன். மை காய்ந்துவிட்டது.

செல்வம் இப்போது துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறான். அச்சில் எது வந்தாலும் படிக்கிறவன். போன வாரம் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு அலமாரியில் எதையோ தேடினான். டப்பா கையில் அகப்பட்டது.

"இது யாரோடதுண்ணே?"

"உங்க அண்ணியோடது."

திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி கண்ணுக்கு மை வைக்கமாட்டாங்களே."

வைத்துவிட்டுப் போனான். அதற்குமேல் கேட்கவில்லை. அவன் சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் இதை எழுதுவதை நான் இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருப்பேன்.

செல்வம், நர்ஸம்மா சரியாகத்தான் எழுதினார். அழித்தது நான்.